கொழும்பு ஐஸ் கொட்டகை

ஆவூர் மிஷன் பள்ளிக்கூடத்து அருள்ராணி டீச்சர் கொழும்புக்கு ஐஸ் ஆட்டம் பார்க்கப் போகிறாள் என்ற செய்தியை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேருக்கு அது என்ன ஆட்டம் என்றே விளங்கவில்லை. பாஸ்போர்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது பங்குச் சாமியாரே கேட்டார்.

"ஐஸு மேல என்னம்மா ஆட்டம்?"

"ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு எட்டுப் போடணும் சாமி. போட்ட கோட்டு மேலயே திரும்பத் திரும்பப் போடணும். கோடு பிசகாம இருந்தா மார்க்கு."

"இதுக்காகக் கடல் தாண்டிப் போறீங்களாக்கும்!" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டக்காரி வேறு யாருமில்லை, அதே ஊர் இன்னாசியம்மாள்தான். அருள்ராணியோடும் அற்புதமேரியோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். தாய் இறந்த பிறகு அப்பா தைரியநாதன் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் ஐஸ் ஃபாக்டரியில் மெஷின்காரராகச் சேர்ந்தார். ஃபாக்டரி முதலாளி ஒரு வெள்ளைக்காரர். தம் ஊர் நினைப்பில், பக்கத்திலிருந்த பழைய தேயிலைக் கிடங்கின் தரையில் குழாய் பதித்து, தண்ணீரை உறைய வைத்து, சறுக்கு மைதானம் ஒன்றைக் கட்டினார். அவருடைய கிளப்புக்காரர்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் அந்த ஐஸைப் பெருக்கிச் சுத்தம் பண்ணும் வேலை இன்னாசிக்கு. யாரோ வீசிவிட்டுப் போன பழைய சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பெருக்க ஆரம்பித்தவள், வருஷங்கள் போகப் போக அந்தக் கிளப்பில் யாரும் அவளுக்கு இணையில்லை என்று ஆகிவிட்டாள். பம்பாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வரும் போட்டியில் அவளும் ஆட முதலாளி சம்மதித்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தவள் சிநேகிதிகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நா ஆடுறத எனக்காகப் பாக்கிறதுக்கு அப்பாவ விட்டா அங்க ஒரு ஆளு இல்லடி. வாங்கடி" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டவள் சொர்ணவல்லி. திருமயத்துக்காரி. அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டு அருள்ராணி வீட்டில் தங்கியிருந்தாள். பல்லியைக் கண்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவள் கடல் தாண்ட எப்படித் துணிந்தாள் என்பது யாருக்கும் புரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசி மாதம். பள்ளிக்கூடம் லீவு. அருள்ராணியின் அண்ணன் அந்தோணிமுத்து புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து மூவரையும் போட் மெயிலில் ஏற்றிவிட்டான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். அற்புதமேரி போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள், எடுத்து முடித்ததும் இட்லி கேட்டாள். தலைமன்னாரில் ரயில் ஏறியபோது எதிர் சீட்டிலிருந்த யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர், "இந்த நேரத்திலயோ கொழும்புக்கு வாறியள் பிள்ளையள்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன நேரம் என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

கொழும்பில் தைரியநாதனின் லைன் வீட்டில் பெட்டிகளை வைத்துவிட்டு ஐஸ் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூவருக்கும் உடம்பு வெடவெடத்தது. வெளியே ரோட்டுத் தார் உருகுகிறது, உள்ளே வாயிலிருந்து புகை வருகிறது. தைரியநாதனோடு வேலை பார்க்கும் சிறிசேன என்ற சிங்களவர் மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நெட்டையான ஆள், மூக்கு மேல் பெரிய மச்சம். அற்புதமேரி காலுறையைக் கையில் மாட்டிப் பார்த்ததைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் நாள் எட்டுப் போடும் போட்டி. இன்னாசி முழங்கால் வரைக்குமான பாவாடையும், சப்பாத்தின் அடியில் பளபளக்கும் கத்தியுமாக ஐஸில் இறங்கினாள். அவளை அப்படிப் பார்க்க அருள்ராணிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய்விட்டது. ஒற்றைக் காலில் சாய்ந்து அவள் ஒரு வட்டம் போட்டாள், கால் மாற்றி இன்னொரு வட்டம். மறுபடியும் அதே கோட்டின்மேல். நடுவர்கள் மூவர் ஐஸில் குனிந்து, மண்டியிட்டு, கீறலைப் பார்த்தார்கள். இரண்டாவது கோடு எங்கே என்று தேடினார்கள். கோடு ஒன்றாகவே இருந்தது.

"ஆத்தாடி, நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளைக கரும்பலகையில கூட இப்புடிப் போடாதுக" என்றாள் அற்புதமேரி.

அன்று இன்னாசிதான் முதலிடம். ஒரு நாள் விட்டு மறுநாள், திங்கட்கிழமை பிற்பகல், பாட்டுக்கு ஆடும் இரண்டாவது போட்டி. அதிலும் ஜெயித்தால் கோப்பை அவளுக்கு.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் முகம் மாறிப்போயிற்று. தூரத்து ஊர்களில் ரயிலை மறித்துத் தமிழர்களை வெட்டினார்கள் என்று பூசைக்கு வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். தமிழ்க் கடைகளின் பெயர்ப் பலகைகளில் தார் பூசியிருந்தது. "மூணு பேரும் வெளியில வாயத் தொறக்காதீங்க" என்று தைரியநாதன் எச்சரித்தார். "ஃபாக்டரிக்கு ஒண்ணும் வராது. தொரை இருக்காரு."

திங்கட்கிழமை கொட்டகையில் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. இன்னாசி ஆடத் தொடங்கினாள். கிராமபோனில் வயலின் ஒலித்தது. அவள் பின்பக்கமாகவே ஓடி, எம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியபோது சொர்ணவல்லி தன்னை மறந்து எழுந்து நின்று கை தட்டினாள். அந்த நேரத்தில் ஒருவன் ஓடி வந்து நடுவர் காதில் ஏதோ சொன்னான். நடுவர் கையை உயர்த்தினார். பாட்டு நடுவிலேயே நின்றது. இன்னாசி மட்டும் பாட்டில்லாமல் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனாள்.

போட்டி நிறுத்தப்பட்டது, எல்லாரும் உடனே வீட்டுக்குப் போங்கள் என்று இங்கிலீஷில் அறிவித்தார்கள். கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பின. முதலாளியின் காரும் போயிற்று. இந்த நான்கு பெண்களை ஏற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

தைரியநாதன் மெஷின் ரூமிலிருந்து ஓடி வந்தார். "நம்ம லைன் வீடெல்லாம் எரியுது. ரோட்டுல பஸ்ஸ நிறுத்தி ஆள இழுத்துப் போட்டு அடிக்கிறாய்ங்க. இங்கிட்டே இருங்க. நா கேட்டப் பூட்டிட்டு வாரேன்."

கேட் பூட்டப்படும் சத்தம் வரவில்லை. வேறு சத்தங்கள் வந்தன. அருள்ராணி பெஞ்சின்மேல் ஏறிச் சுவரிலிருந்த காற்றுத் துவாரத்தின் வழியே பார்த்தாள். சாயங்கால வெயிலில் ஒரு கூட்டம் தைரியநாதனைச் சுற்றி நின்றது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் அவர் சிங்களத்திலேயே தடங்கலில்லாமல் பதில் சொன்னார். அத்தனை வருஷம் அங்கே குடியிருந்தவர். இரண்டு பேர் நம்பி விலகக்கூடச் செய்தார்கள். மூன்றாமவன் அவர் தலையைத் திருப்பிக் காதுமடலை இழுத்துப் பார்த்தான். சின்ன வயசில் கடுக்கன் போட்ட துளை. தமிழனுக்குத்தான் அது இருக்கும் என்று அவன் மற்றவர்களிடம் காட்டினான். இரும்புக் கம்பி முதலில் அவர் முழங்காலில் விழுந்தது. அவர் உட்கார்ந்தார். பிறகு தலையில். பிறகு எத்தனை கம்பிகள் என்று தெரியவில்லை. மண்ணில் கிடந்த ஒரு கை மட்டும் எதையோ தேடுவதுபோல அசைந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது.

கீழே இன்னாசி கேட்டாள். "அப்பா என்னடி பண்ணுது?"

"பேசிக்கிட்டு இருக்காரு" என்றாள் அருள்ராணி.

கதவில் முதல் இடி விழுந்தது. அதே சமயம் விளக்குகள் எல்லாம் அணைந்தன. மேலே இருந்த சிறு ஜன்னல்களின் மங்கல் வெளிச்சம் மட்டும் ஐஸில் கிடந்தது.

"அந்தப் பக்கம் மெஷின் ரூம் இருக்கு, இரும்புக் கதவு. ஐஸத் தாண்டிட்டாப் பொழச்சுக்கலாம்" என்றாள் இன்னாசி. அவள் இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை. சொர்ணவல்லியை ஐஸில் உட்கார வைத்து, இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தாள். அக்கரையில் அவளைத் தள்ளிவிட்டு அற்புதமேரிக்காகத் திரும்பி வந்தாள். அருள்ராணி தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நகர்ந்தாள். வழியில் பெஞ்சில் கிடந்த யாருடையதோ சறுக்குச் சப்பாத்து ஒன்று கையில் பட்டது. கழுத்துப் பக்கம் இறுகப் பற்றி எடுத்துக்கொண்டாள்.

கதவு பிளந்தது. கம்பும் கத்தியும் தீப்பந்தமுமாக உள்ளே பாய்ந்தவர்கள், தரை என்று நினைத்து ஐஸில் கால் வைத்தார்கள். முன்னால் வந்தவர்கள் மல்லாக்க விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். ஒருவன் மண்டை ஐஸில் மோதிய சத்தம் தேங்காய் உடைத்த மாதிரிக் கேட்டது. பந்தங்கள் சீறி அணைந்தன. விழுந்தவர்கள் தவழ்ந்து வந்தார்கள். ஐஸின் நடுவில் இன்னாசியின் கைப்பிடி நழுவி அற்புதமேரி குப்புற விழுந்தாள். ஒருவன் அவள் பின்னலைப் பிடித்துவிட்டான். இன்னொருவன் உட்கார்ந்தபடியே கம்பால் அடித்தான். அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள், எலும்பு முறிந்தது. அற்புதமேரியின் அலறல் கொட்டகை முழுக்கச் சுற்றி வந்தது.

இன்னாசி எங்கே போனாள் என்று அருள்ராணி தேடினாள். அவள் ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். சற்றுமுன் பாட்டுக்கு ஆடியபோது வந்ததைவிட வேகமாக. வந்த வேகத்தில் ஒரு காலைத் தூக்கி, பின்னலைப் பிடித்திருந்த கையின்மேல் சப்பாத்துக் கத்தியை இறக்கினாள். அவன் கத்தினான். பின்னலில் விரலில்லாத கை கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தது. கம்பு வைத்திருந்தவன் திரும்புவதற்குள் அவன் தாடையில் உதைத்தாள். பிறகு அற்புதமேரியை முந்தானையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அவர்கள் போன வழியெல்லாம் வெள்ளை ஐஸில் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது.

அருள்ராணி அக்கரைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டுக்குள் ஒரு நெட்டை உருவம் சொர்ணவல்லியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சொர்ணவல்லி கம்பத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கதறினாள். அவன், "என்ன! என்ன!" என்று உறுமினான். கொல்ல வந்தவன் கேலியும் பண்ணுகிறான் என்று அருள்ராணிக்குப் பட்டது. தைரியநாதனின் கை மண்ணில் அசைந்தது கண்முன் வந்தது. கையிலிருந்த சப்பாத்தை ஓங்கி, தன் பலமெல்லாம் சேர்த்து, அந்த முகத்தில் அடித்தாள். கத்தி எதிலோ புகுந்து நின்றது. பிடுங்கினாள். மறுபடி ஓங்கினாள்.

"அடிப்பாவி, சிறிசேனடி!" என்று பின்னாலிருந்து இன்னாசி வீரிட்டாள்.

அவர் ஒரு முழங்காலில் சரிந்திருந்தார். இடது கண்ணைப் பொத்திய கையின் விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. அப்படியும் மற்றக் கையால் சொர்ணவல்லியைக் கம்பத்திலிருந்து பிய்த்துக் கதவுக்குள் தள்ளினார். அருள்ராணியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து உள்ளே எறிந்தார். இன்னாசியும் அற்புதமேரியும் விழுந்தடித்து நுழைந்ததும் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டு அதில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார்.

வெளியே கோடாலியால் கதவைக் கொத்தினார்கள். சிறிசேன தட்டுத் தடுமாறிப் போய்ச் சுவரிலிருந்த சக்கரம் ஒன்றைத் திருப்பினார். குழாயிலிருந்து வாயு புஸ்ஸென்று அந்தப் பக்கம் சீறியது. மெஷினைக் குளிர வைக்கும் அமோனியா. மூக்கைப் பொசுக்கும் நெடி கதவின் கீழாக இங்கும் கசிந்தது. வெளியே இருமல், ஓட்டம், ஆட்கள் மோதி விழும் சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. அந்த நெடி கிழிந்த கண்ணில் பட்டபோது சிறிசேன போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை.

அருள்ராணி தன் சேலையைக் கிழித்து அவர் கண்ணைக் கட்டப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு ஏதோ திட்டினார். இன்னாசி வாங்கிக் கட்டினாள்.

"அவரு 'என்ன, என்ன'ன்னு கேலி பண்ணுனாருன்னு..." என்றாள் அருள்ராணி.

"அவுக பாஷையில அதுக்கு 'வாங்க'ன்னு அர்த்தம்டி. வாங்க, வாங்கன்னு கூப்பிட்டிருக்காரு. லைட்ட அணைச்சதும் அவருதான், நம்மளத் தெரியக் கூடாதுன்னு."

முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அற்புதமேரி முனகினாள். பிறகு இன்னாசி அருள்ராணியின் முகத்தை நிமிர்த்தினாள்.

"இப்பச் சொல்லு. அப்பா பேசிக்கிட்டா இருந்துச்சு?"

அருள்ராணி இல்லை என்று தலையை ஆட்டினாள். இன்னாசி அவளை அறைந்தாள். பிறகு அவள் மடியிலேயே விழுந்து கத்தினாள்.

மறுநாள் பட்டாள லாரி வந்தது. சிறிசேனவை ஆஸ்பத்திரிக்கும் பெண்களை அகதி முகாமுக்கும் கொண்டுபோனார்கள். தைரியநாதனின் உடலை அடையாளம் காட்ட இன்னாசியோடு அருள்ராணியும் போனாள். முகம் அடையாளம் இல்லை, காதைப் பார்த்துத்தான் சொன்னார்கள். முகாமில் கிடந்து, பிறகு கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கியபோது அற்புதமேரியின் கை கோணலாகவே கூடியிருந்தது.

ஆவூரில் தைரியநாதனுக்கு இரங்கல் பூசை வைத்தார்கள். கோயில் கொள்ளாத கூட்டம். நடந்ததையெல்லாம் அற்புதமேரி அழுது அழுது சொன்னாள். சொன்னது வாய்க்கு வாய் மாறி விராலிமலை வரைக்கும் போயிற்று.

ஒரு வாரம் கழித்து அருள்ராணி விராலிமலை பஸ் நிறுத்தத்தில் இறங்கினாள். எதிர் டீக்கடைக்குள்ளிருந்து அண்ணன் அந்தோணிமுத்துவின் குரல் கேட்டது.

"எந் தங்கச்சி யாருன்னு நெனச்சிய! சிங்களத்தானக் கண்ணுலயே ஒரே குத்து! கண்ணுமுழி கையோட வந்துருச்சுல்ல!"

பெஞ்சிலிருந்தவர்கள், "சபாஷு! நம்ம சாதிப் பொண்ணுன்னா அப்புடித்தான் இருக்கணும்" என்று தொடையைத் தட்டினார்கள்.

பொம்பளைகள் நுழையாத கடை அது. அருள்ராணி நேரே உள்ளே போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அண்ணன் தோளில் அடித்தாள். அவன் திகைத்து எழுந்ததும் தலையில் அடித்தாள்.

"அவரு எங்களக் காப்பாத்த வந்தவருடா! கண்ணு போன பெறகும் எங்களக் காப்பாத்துனவருடா! சொல்லு, இப்பச் சொல்லு எல்லாருக்கும்!"

புருவம் கிழிந்து அவன் முகமெல்லாம் ரத்தம். "கிறுக்குச் சிறுக்கி" என்று அவள் கையை முறுக்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். கிளாஸ்கள் உடைந்தன. நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுக்க முடிந்தது. வாசலில் நின்று மூச்சு வாங்கும்போது கட்டை இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் பேசவில்லை.

யார் தடுத்தும் கேளாமல் இன்னாசி அந்த வருஷமே கொழும்புக்குத் திரும்பினாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அருள்ராணி கேட்டாள்.

"அவரு எப்புடி இருக்காரு?"

"ஒத்தக் கண்ணோட வேலைக்கு வாராரு. மெஷின் பக்கம் விட மாட்டாங்க. ஐஸு கட்டி தூக்குறாரு."

"நா வந்து பாக்கணும்டி."

"என்னத்துக்கு? அவரு ஒன்னயப் பத்திப் பேசுறதே இல்ல. அவரு சம்சாரம் கண்டா வெட்டிப் போடும்."

அருள்ராணி போனாள். கோடை லீவில், தனியாக. ஃபாக்டரிக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டை இன்னாசி தூரத்திலிருந்து காட்டிவிட்டு நின்றுகொண்டாள். சிறிசேன வேலைக்குப் போயிருந்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். வந்து நிற்பவளின் சேலைக்கட்டைப் பார்த்தாள், கும்பிட்ட கையைப் பார்த்தாள். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து அருள்ராணியின் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு கன்னத்திலும். முடியைப் பிடித்து உலுக்கி, தன் பாஷையில் கத்தினாள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். இன்னாசி ஓடி வரப் பார்த்தபோது அருள்ராணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அந்தக் கையை மறுபடி உயர்த்தவேயில்லை.

அடித்துக் களைத்த பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அருள்ராணி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நிழல் வாசலைத் தாண்டிப் போனது. கதவு திறக்கவில்லை. பஸ் வந்ததும் இன்னாசி அவளைக் கையைப் பிடித்து ஏற்றினாள்.